மெர்சியின் மூன்றாவது புடவை

மெர்சி இறந்துபோன செய்தியை எனக்கு அனுப்பியது மெர்சியின் கைப்பேசிதான். காலையில் பட்டறையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் அவள் பெயரில் ஒரு படம் வந்து விழுந்தது. சுற்றிலும் கறுப்புக் கரை, மேலே இரண்டு மெழுகுவர்த்திகள், நடுவில் மெர்சியின் புகைப்படம், கீழே 'கண்ணீர் அஞ்சலி'. நான் ஒரு கையில் தூபக்காலைப் பிடித்தபடி பதில் அனுப்பினேன்: "பேர் சின்னதா இருக்கு. மெழுகுவர்த்தி ஒண்ணு போதும்."

அவளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தெரியாதவர்கள் என்னைத் திட்டுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், சாவு நோட்டீசு என்று எதற்கு மாதிரி போட்டாலும் மெர்சி தன் படத்தையே வைத்துத்தான் போட்டுப் பார்ப்பாள். அவளை நான் மணப்பெண்ணாகப் பார்த்திருக்கிறேன். வார்டு வேட்பாளராகக் கைகூப்பி நிற்கப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவியாக, நரைத்த தலையோடு, பார்த்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலியிலும் பலமுறை பார்த்தாயிற்று. ஏன் இப்படி என்று கேட்டால், "சாவு நோட்டீசுக்கு வேற யார் மூஞ்சிய வச்சிப் பாக்கறது ரங்கா, சண்டைக்கு வந்துடுவாங்க" என்பாள். போட்டுவிட்டு எழுத்துப் பிழை பார்க்க எனக்கு அனுப்புவாள்.

சற்று நேரத்தில் அவள் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியவர் அவள் கணவர் டேனியல். "அது சாம்பிள் இல்லமா" என்றார். எனக்கு அப்போதும் ஏறவில்லை. அப்படியானால் யாருக்கு என்று கேட்டேன். பின்னால் யாரோ ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாளாம், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நோட்டீசைப் போட்டது அவள் முன்பு வேலை பார்த்த அச்சகத்துப் பிள்ளைகள். பெயர் நிஜமாகவே சின்னதாகத்தான் இருந்தது.

உங்கள் சபைப் பத்திரிகைக்கு மெர்சியைப் பற்றி எழுதித் தரும்படி பெண்கள் சங்கச் செயலாளர் கிரேஸ் டீச்சர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் திருப்பதியில் துணியில் அச்சிடும் பட்டறை நடத்துகிறவள். என் புகுந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருப்பவர்கள். உங்கள் ஆலயத்துக்குள் நான் வந்ததே இரண்டு முறைதான். ஒன்று மெர்சியின் அடக்க ஆராதனைக்கு, மற்றது அறுப்பின் பண்டிகைக்கு. பண்டிகையன்று நீங்கள் எல்லோரும் ஒரே புடவையில் நின்றீர்கள். பலர் என்னை ஓரமாக இழுத்து, இது மெர்சி போட்டதுதானா, ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் சாப்பாட்டுப் பந்தியைக் காட்டிவிட்டு நழுவிவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். தெரிந்தவரை எழுதுகிறேன் என்று சொல்வதே சரி. இன்னொன்று, இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அப்படி எழுதிப் பார்த்தால் எனக்கு வேறு யாரோ ஒரு பெரிய மனுஷி கண்ணில் வருகிறாள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெர்சி முதன்முதலில் என் பட்டறைக்கு ஒரு பென்டிரைவோடு வந்தாள். அப்போது அவள் சித்தூரில் ஓர் அச்சகத்தில் டிசைனர். மாம்பழக்கூழ் டின்களில் ஒட்டும் லேபிள்கள்தான் அவளுடைய பெரிய வேலை. ஆலய ஆண்டு விழாவுக்குச் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி புடவை கட்ட ஆசைப்பட்டிருக்கிறார்கள். கடைகளில் அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் கிடைக்கவில்லை. கூட்டத்தில் இவள் எழுந்து, நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதுவரை அவள் துணிக்கென்று ஒரு கோடு வரைந்ததில்லை.

கோப்பைத் திறந்தேன். நட்டநடுவில் ஆலயம், கோபுரம் சிலுவையோடு கம்பீரமாக நின்றது. தலைப்பிலும் இன்னொரு ஆலயம். ஒரு முனையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை வெறும் வெள்ளை. கோப்பு கெட்டுவிட்டது போலிருக்கிறது என்றேன். "இல்ல மேடம், அது ஒட்டற எடம்" என்றாள். டின்னைச் சுற்றி வரும் லேபிளில் ஒரு முனைமேல் மறுமுனை ஏறி ஒட்டிக்கொள்ள வெற்றிடம் விடவேண்டும். கைப்பழக்கத்தில் புடவைக்கும் விட்டிருக்கிறாள். உங்கள் சபையில் பெண்கள் எல்லாம் டின்னா என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே மை கலந்துகொண்டிருந்த என் உதவியாள் பாபு என்னவோ ஏதோ என்று ஓடிவந்தான்.

ஒரு மாதிரி அச்சிட்டுப் பார்த்தோம். போட்டிருந்த சுடிதார் மேலேயே சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். நடுவில் இருந்த ஆலயம் மொத்தமும் கொசுவத்துக்குள் போய்விட்டது. தலைப்பில் இருந்த ஆலயம் முதுகில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கிடந்தது. மெர்சி கழுத்தைத் திருகி அதைப் பார்த்தாள். "ஆலயத்தையே மடிச்சி இடுப்புல சொருகிக்கினேன் பாருங்க, ஆண்டவர் மன்னிப்பாரா" என்றாள். வேறு ஒருவராக இருந்தால் இது நமக்குச் சரிப்படாது என்று பஸ் ஏறியிருப்பார். இவள் சாக்பீஸ் கேட்டாள். கட்டிய புடவையிலேயே கண்ணுக்குத் தெரிகிற இடம், மறைகிற இடம், உட்கார்ந்தால் கசங்கும் இடம் என்று பக்கத்தில் நின்ற பாபுவின் மனைவியைக் கோடு போடச் சொன்னாள். பிறகு அவிழ்த்துத் தரையில் விரித்து, அதன்மேல் தவழ்ந்து தவழ்ந்து பார்த்தாள். மதியம் என் வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டாள். மாலைக்குள் நான் மேடத்திலிருந்து ரங்காவாகிவிட்டேன்.

அந்தப் புடவைக்குப் பிறகு அவளுக்கு அச்சகத்தில் மனசு ஒட்டவில்லை. நல்ல வேலையை விடாதே என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். "பேனர்ல மூஞ்சி போட்டா ரெண்டே நாள்ல அவுத்து மாட்டுக்கொட்டாய் மேல போத்திடறாங்க. டின்னு லேபிள் குப்பைக்குப் போவுது. புடவைன்னா கிழியுற வரைக்கும் ஒரு ஆள் மேல இருக்கும் இல்ல?" என்றாள். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் வரைவாள், நான் அச்சிடுவேன். திருப்பதியிலும் வேலூரிலும் சில கடைக்காரர்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். கேட்பவர்களிடமெல்லாம் அவள் ஒரே கதையைத்தான் சொல்வாள். "எங்க நைனா என்னைத் தையல் கத்துக்கச் சொன்னாரு. மாட்டேன்னு அழுது கம்ப்யூட்டர் கத்துக்கினேன். கடைசில சுத்திக்கினு துணிக்கே வந்து நிக்கறேன்."

சித்தூரிலிருந்து திருப்பதி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டாள். நின்றுகொண்டு வரும் பெண்களைத்தான் பார்க்கவேண்டுமாம். கூட்டத்தில் நசுங்கி, வியர்த்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் உடம்பில்தான் ஒரு புடவையின் குணம் தெரியும் என்பது அவள் கட்சி. ஒருநாள் புத்தலப்பட்டில் ஏறிய ஒரு பெண், ஏன் என் முதுகையே பார்த்துக்கொண்டு வருகிறாய் என்று சண்டைக்கு வந்திருக்கிறாள். மெர்சி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதை விட்டு, உன் தலைப்பில் பூ தலைகீழாக இருக்கிறது, நான் வேறு போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறாள். தமிழிலும் தெலுங்கிலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் எனக்கு முதலில் சொன்னது திட்டையல்ல, அந்தத் தலைகீழ்ப் பூவைத்தான்.

என் மாமியாரையும் விடவில்லை. மடிசாரில் துணி எங்கே போய் எங்கே வருகிறது என்று பார்க்கவேண்டும் என்றாள். மாமியார் லேசில் யாருக்கும் மசிகிறவர் அல்ல. இவளுக்கு என்னவோ சம்மதித்துக் கூடத்தில் நின்றார். மெர்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ரங்கா, இவ என்னடி என்னையே பிரதட்சணம் பண்ணிண்டிருக்கா?" என்றார் மாமியார். அதிலிருந்து மெர்சி வந்தால் அவரே எழுந்து போய்க் காப்பி கலப்பார். மெர்சி மடிசாருக்கென்று வரைந்த புடவையை மட்டும் அவர் கடைசிவரை கட்டவில்லை. அச்சுப்போட்டதையெல்லாம் கட்டமுடியாது என்று சொல்லிவிட்டார். மெர்சிக்கு அதில் வருத்தமா என்று கேட்டேன். சிரித்தாள். அவள் சிரித்தால் அதற்குமேல் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

இனி கோப்புகளின் கதைக்கு வருகிறேன். ஒரு புடவை என்றால் மெர்சி மூன்று கோப்புகள் அனுப்புவாள். முதலாவது 'ஃபைனல்'. அடுத்தது 'ஃபைனல் நியூ'. மூன்றாவது 'ஃபைனல் ஓகே'. மூன்றும் முடிவானது என்றால் முடிவு எதுவென்று கத்துவேன். நீயே சொல் என்பாள். நான் மூன்றையும் திறந்து பார்த்து ஒன்றைச் சொல்வேன். உடனே சரி என்பாள். ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. உனக்கு எது பிடித்தது என்று ஒருநாள் விடாமல் கேட்டேன். "மூணும் நான் போட்டதுதானே ரங்கா, நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சந்தோசம்தான்" என்றாள். நானும் நம்பினேன். அவளுக்கு வரையத் தெரியும், எனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியும், தொழில் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்டிகைப் புடவைக்கான கோப்புகள் அவள் இறப்பதற்கு முந்தைய நாள் மாலை வந்தன. அதே மூன்று, அதே பெயர்கள். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைப் பதிலாகப் போட்டாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துக் கிரேஸ் டீச்சர் அழைத்தார். பண்டிகைக்கு மெர்சி கடைசியாகப் போட்டதையே கட்டவேண்டும் என்று சங்கத்தில் எல்லோரும் ஒரே குரலாகச் சொல்கிறார்கள், எது என்று உங்களுக்குத்தானே தெரியும் என்றார். அவளை நினைத்து ஒரு சபையே கட்டப்போகும் புடவை. தவறானதை அச்சிட்டால் நீங்கள் எல்லோரும் மெர்சியின் ஆசை என்று நினைத்துக்கொண்டு என் ஆசையை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்பீர்கள். திருத்திச் சொல்ல அவள் இல்லை. உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தாளா என்று டீச்சரையே கேட்டேன். பச்சைக் கரை வரும் என்று சொன்னாளாம்.

மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாவதில் பச்சைக் கரை இருந்தது, கதிர்கள், திராட்சைக் கொடி எல்லாம் ஒழுங்காக. பண்டிகைக்குப் பொருத்தம், ஆனால் வருஷா வருஷம் பார்ப்பதுதான். இரண்டாவது அழகு. மாம்பழ மஞ்சளில் உடல், கரை ஓரமாக வேர்க்கடலைச் செடிகள் வேரும் காயுமாக அரக்கு நிறத்தில், தலைப்பில் அதே செடி பெரிதாக நிமிர்ந்து நின்றது. பார்த்ததும் இதுதான் என்றது மனசு. மூன்றாவது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. செம்மண் நிறம். கரை இல்லை. தலைப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சின்னச் சின்ன வெள்ளைக் கீற்றுகள், ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் ஒன்றுகூட இல்லாமல். வேலை பாதியில் நின்றதோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை, ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாகக் கையால் வரைந்து முடித்தது.

வழக்கம்போல இரண்டாவது என்று முடிவு செய்தேன். ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் அச்சிட மனம் வரவில்லை. சொல்லவேண்டியவளின் எண்ணையே அழைத்தேன். டேனியல் எடுத்தார். அவர் மாம்பழக்கூழ் ஆலையில் ஸ்டோர் பார்ப்பவர். டிசைன் விஷயத்தில் எதுவும் தெரியாது என்று அவரே சொல்வார். இரண்டாவதைப் போடலாம் என்றிருக்கிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"நீங்க அதைத்தான் சொல்வீங்கன்னு அவ அன்னிக்கே சொன்னாமா" என்றார். "சோறு துன்னுக்கினு இருக்கும்போது சொன்னா. எனக்கு மூணாவதுதான் உசுரு, ரங்கா ரெண்டாவதைச் சொல்லும், பாத்துக்கினே இருன்னா."

நான் எப்போதுமே அப்படியா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எப்பவும் அப்படித்தாம்மா. அவளுக்குன்னு ஒண்ணு இருக்கும், அதை நீங்க சொல்லவே மாட்டீங்க. கோவமா சொல்லமாட்டா. சிரிச்சிக்கினேதான் சொல்லுவா."

கைப்பேசியை வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் நாங்கள் சேர்ந்து போட்ட புடவைகளின் மாதிரித் துண்டுகள் அதில் அடுக்கியிருக்கின்றன. கடைக்காரர்களிடம் இதெல்லாம் மெர்சி டிசைன் என்று பெருமையாகக் காட்டுவேன். இவற்றில் எதுவுமே அவள் ஆசைப்பட்டது இல்லையா? அவள் ஆசைப்பட்டதெல்லாம் யாரும் கட்டாமல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறதா? எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. புத்தலப்பட்டு பஸ்ஸில் முன்பின் தெரியாதவளிடம் உன் தலைப்பு நன்றாக இல்லை என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, என்னிடம் இது இல்லை ரங்கா, அது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? நான் என்ன கடித்தா குதறியிருப்பேன்? இல்லை, விற்கிறதை நான் சொல்வேன், அது போதும் என்று விட்டுவிட்டாளா? எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்தேதான் இரண்டாவதை அத்தனை அழகாகப் போட்டாளா? அப்படியென்றால் அதுவும் அவள்தானே.

இரண்டாவதைப் போட்டால் அவள் எதிர்பார்த்தது நடக்கும். மூன்றாவதைப் போட்டால் அவள் கேட்காத ஒன்றை நான் செய்கிறேன். எது அவளுக்குச் செய்யும் மரியாதை என்று யாரைக் கேட்பது? மாமியாரிடம் சொன்னேன். எது நன்னா இருக்கோ அதைப் போடு என்றார். அது எனக்கே தெரியும்.

அச்சிடும் நாளில் இயந்திரத்தில் வெள்ளைத் துணியை ஏற்றிவிட்டு பாபு, "ஏதி மேடம்?" என்றான். எது என்று கேட்கிறான், அவனுக்குத் தெலுங்குதான். இரண்டாவது கோப்பு திரையில் திறந்தே இருந்தது. ஆம் என்று தலையாட்டினால் போதும். என் வாயிலிருந்து "மூடோதி" என்று வந்தது. மூன்றாவதா என்று அவன் திரும்பக் கேட்டான், தவறிச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். ஆமாம் என்றேன். துணி நகர ஆரம்பித்ததும் செம்மண் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நிறுத்தச் சொல்லலாமா என்று கடைசி வரைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

பண்டிகையன்று ஆலயத்தின் பின்வரிசையில் நின்று உங்களைப் பார்த்தேன். சேர்ந்து நின்றால் ஏதாவது தெரியுமோ, நடந்தால் தெரியுமோ, முழங்காலிட்டால் தெரியுமோ என்று ஆராதனை முழுக்க உங்கள் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருவர் நொய் சிந்தின மாதிரி இருக்கிறது என்றார். ஒருவர் மழை ஆரம்பிக்கும்போது இப்படித்தான் மண்ணில் விழும் என்றார். மண்ணில் மழை வெள்ளையாகவா விழும் என்று பக்கத்திலிருந்தவர் மடக்கினார். இன்னொருவர் இது அச்சுக் கோளாறுதான், மெர்சிமேல் பழியைப் போடாதீர்கள் என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். டேனியல் ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். ஆமாம், அது மெர்சி போட்டதுதான். அவளே தனக்கு உயிர் என்று சொன்னதுதான். ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளுடைய பென்டிரைவும் மாதிரித் துண்டுகளும் பட்டறையில் இருக்கின்றன, அவை தொழிலுக்கு உரியவை. எனக்கென்று வைத்துக்கொண்டது, அன்று உங்கள் கணக்குக்கு மேல் அச்சிட்ட ஒரு மூன்றாவது புடவை மட்டும்தான். கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, கழுத்தைத் திருகி முதுகையும் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் அது பிடிக்கவில்லை. நேற்றும் அதைத்தான் கட்டியிருந்தேன்.